தண்ணியைத் திறந்து விடு

அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையிலேயே அக்கா எனக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லித் தந்தார். ஒன்று, சின்னவனின் பால்போத்தலை எவ்வளவு சூட்டில் கொடுப்பது. மற்றது, அத்தான் அடிக்கத் தொடங்கினால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது. இரண்டையும் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, ஒரே குரலில் சொன்னார்.

"சத்தம் கேட்டா ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பாத்றூமுக்கை போ. கதவைப் பூட்டு. தண்ணியைத் திறந்து விடு. பிள்ளையளுக்குக் கேக்கக்கூடாது."

எப்போது வெளியே வருவது என்று கேட்டேன். தானே வந்து தட்டுவதாகச் சொன்னார்.

ஐரோப்பாவில் ஒரு குளிர் நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை எழுதினால் எங்கள் ஆட்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், புதுக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குளிர் நாட்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். யேசு பிறந்த நத்தாரும் புதுவருடமும் வரும் காலத்தில் மற்றவர்கள் லீவில் போய்விட, அக்காவுக்கு வேலை கூடிவிடும். பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. அவருடைய தாய் ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்து என்னைக் கேட்டார். அப்பா இறுதிச் சண்டையில் செத்துப்போனவர். அண்ணாதான் கடலுக்குப் போய் வீட்டைப் பார்த்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. விசிற் விசாவில் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பது, பிறகு அங்கேயே படிக்க வழி தேடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கும் விருப்பம்தான். விமானத்தில் யன்னல் பக்கம் கிடைக்க வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்தேன்.

அத்தானைப் பார்த்தால் அடிக்கிற மனுசன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். களஞ்சியம் ஒன்றில் வேலை. வரும்போது பிள்ளைகளுக்குச் சொக்கிலேற் வாங்கி வருவார். என்னை "தங்கச்சி" என்று கூப்பிட்டு, குளிருக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவரும் அவர்தான். குடித்தால்தான் அடிப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதல் தடவை நான் கண்டது ஒரு காலை நேரம். காரை ஸ்ராட் பண்ணுகிற திறப்பைக் காணவில்லை. அக்கா தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தான் சுவரிலிருந்து போன் சார்ஜர் வயரை இழுத்தெடுத்து அவருடைய முதுகில் விளாசினார். அக்கா குனிந்தபடியே தேடினார்.

நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு பெரியவளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு ஆறு வயது. இழுக்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு முன்னமே உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். பிறகு தம்பியின் இரண்டு காதுகளையும் தன் கைகளால் பொத்தினாள். அவளுடைய காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

எனக்குச் சத்தம் புதிதல்ல. ஏழு வயதில் பங்கருக்குள் கிடந்திருக்கிறேன். அம்மா எங்கள் மேல் குப்புறப் படுத்திருப்பார், அவருடைய வியர்வை என் கண்ணுக்குள் வடியும். ஆனால் பங்கருக்குள் நாங்கள் வாய்விட்டுக் கத்தலாம். செல் அடிக்கிறவனுக்கு எங்கள் சத்தம் கேட்காது. இந்தக் குளியலறையில் கத்த முடியாது. தண்ணீர் ஓட, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அக்கா வந்து தட்டியபோது திறப்புக் கிடைத்திருந்தது. அத்தானின் காற்சட்டைப் பைக்குள்தான் இருந்ததாம்.

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அது புருசன் பெண்சாதிக்குள் நடக்கிறது, கண்டும் காணாத மாதிரி இரு, நத்தார் முடியட்டும் என்றார். பின்னால் யாரோ பாலன் குடிலுக்குத் தடி வெட்டும் சத்தம் கேட்டது. வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்களோ என்று கேட்டேன். ஓம் என்றார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெரியவள் முழுநாளும் என்னோடு. அப்போதுதான் அவள் விளையாடுவதைப் பார்த்தேன். பொம்மையின் தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதுவாள். "சொல்லடி, ஆரோடை கதைச்சனி?" என்று கேட்பாள். குரலை அப்படியே தகப்பனைப் போல் தடிப்பாக்கிக்கொண்டு கேட்பாள். தடுத்தால் என்னைக் கடிப்பாள். ஒருநாள் தம்பியைக் கட்டிலிலிருந்து தள்ளி விழுத்தினாள். நான் ஓடிப்போய்த் தூக்க, என் முன்கையைக் கவ்விப் பிடித்தாள். கம்பளிச் சட்டைக்கு மேலாலும் இரத்தம் வந்தது. வலியில் நான் கையை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை. முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, அடி விழட்டும் என்று நின்றாள். ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கழுவக் கிடந்த கோப்பைகளைக் கழுவப் போனேன்.

நத்தாருக்கு முதல்நாள் அக்கா பகலோடு வேலை முடித்து வந்தார். அடுத்தநாள் அத்தானின் ஆட்கள் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அந்த நாட்டில் அந்த மாதத்தில் பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னமே இருட்டிவிடும். நானும் பிள்ளைகளும் சப்பாத்துப் பெட்டியில் குடில் கட்டினோம். அக்கா றோல்ஸ் பொரித்தார். வீட்டில் நல்ல மணம். அத்தான் சின்னவனைத் தோளில் வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

அக்காவின் போன் அடித்தது. வேலையிடத்தில் ஒருவர், வேலை நேரத்தை மாற்றித்தர முடியுமா என்று கேட்க எடுத்தவராம். அக்கா அந்த நாட்டுப் பாஷையில் பதில் சொல்லி, கடைசியில் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. அத்தான் சின்னவனை இறக்கி என் கையில் தந்தார். அவசரமில்லாமல் தந்தார். "தங்கச்சி, பிள்ளையளைக் கொண்டு போ" என்றார்.

கதவைப் பூட்டினேன். பெரியவள் தண்ணீரைத் திறந்தாள். தண்ணீருக்கு மேலாலும் கேட்டது. ஏதோ உடைந்தது, கதிரை விழுந்தது, அக்கா "வேண்டாமப்பா, எண்ணெய் கொதிக்குது" என்றார். பிறகு அக்காவின் சத்தம் நின்றுவிட்டது. அடி விழும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கதவைத் தட்ட அவர் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெரியவளிடம் தம்பியைக் கொடுத்து, நான் போனதும் உள்ளே பூட்டச் சொன்னேன்.

குசினியில் அக்கா பிறிஜ் அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். காதுக்குப் பக்கத்திலிருந்து இரத்தம் வழிந்து தரையில் கொட்டியிருந்த, றோல்ஸில் பிரட்டுகிற பாண் தூளோடு சேர்ந்திருந்தது. அத்தான் அவருடைய வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தார், தண்ணீர்ப் பம்பை மிதிக்கிறவன் போல ஒரே சீராக. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கருகிப் புகை எழும்பியது. ரொட்டி உருட்டுகிற கட்டை மேசையில் கிடந்தது. எடுத்து இரண்டு கையாலும் பிடித்து அவருடைய பிடரிக்குக் கீழே அடித்தேன். யோசித்து அடித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் முறை அடித்தேன்.

அவர் திரும்பி என் வாயில் குத்தினார். முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். என் கால் தரையில் இல்லை. அவருடைய கண்களை அவ்வளவு கிட்டப் பார்த்தேன். கோபத்தை விட ஆச்சரியம்தான் அதில் கூட இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புகைக்கு அடிக்கிற அலாரம் கூரையிலிருந்து கத்தத் தொடங்கியது. முன்வீட்டுக் கிழவி வந்து கதவை இடித்தார். அத்தான் என்னை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை அணைக்கப் போனார். நான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். கிழவி என் வாயைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார், போனை எடுத்தார்.

பொலிஸார் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பெண். அதற்குள் அத்தான் முகம் கழுவிச் சீப்பால் தலை இழுத்திருந்தார். அவர்களுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். அக்கா சுவரில் சாய்ந்திருந்து எண்ணெய் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். அத்தான் தன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். என்னைக் காட்டி, சண்டைக்குள்ளே வளர்ந்த பெட்டை, தலை சரியில்லை என்று சொன்னாராம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பாஷையில் நன்றி, பால், குளிர் என்ற சொற்கள்தான் தெரியும். தமிழில் சொன்னேன். வாயிலிருந்து இரத்தமும் சொல்லும் சேர்ந்து வந்தன. அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் அத்தானும் அக்காவும்தான், பிறகு அந்தப் பிள்ளையும்.

அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் வழிந்து முழங்கால் வரை நனைந்திருந்தாள். பொலிஸ் பெண் அவளுக்கு முன்னால் குந்தி ஏதோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றேன். "ஆரும் உன்னை அடிக்க நான் விடமாட்டன்."

அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு அங்கே என்ன பலம் இருந்தது என்று தெரியாது. சொல்லிவிட்டேன். அவள் பேசத் தொடங்கினாள். நான் எதிர்பார்த்ததைவிட மிக நீளமாகப் பேசினாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுடைய விரல் பிறிஜ் கதவைக் காட்டியது, சார்ஜர் வயரைக் காட்டியது, குளியலறையைக் காட்டியது, தாயின் முதுகைக் காட்டியது. அக்கா முகத்தைப் பொத்தினார். அத்தான் பொலிஸாருக்குப் போட்ட கதிரையில் தானே இருந்துவிட்டார்.

அவரைக் கொண்டுபோனார்கள். அம்புலன்ஸ் வருவதற்கு முன், அக்கா சுவரைப் பிடித்து எழும்பி வந்து, உடைந்த வாயிலேயே எனக்கு அறைந்தார்.

"என்ர குடும்பத்தை நாசமாக்கிப் போட்டாய்."

பிறகு பிறிஜைத் திறந்து ஐஸ் கட்டிகளைத் துவாயில் சுற்றி, அதே கையால் என் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார்.

நத்தார் அன்று, தலையில் தையலோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். சொன்னபடி அத்தானின் ஆட்களும் வந்தார்கள், ஆனால் சாப்பிட அல்ல. அத்தானின் தமக்கை என் தலைமயிரைப் பிடித்து அறையிலிருந்து வரவேற்பறை வரை இழுத்து வந்தார். எங்கள் வீட்டு வறுமையையும் என் நடத்தையையும் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். ஆண்கள் சோபாவில் இருந்து நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் போனில் எனக்கு விமான ரிக்கற் தேடினார். அக்கா குசினி வாசலில் நின்றார். புதுவருடத்துக்கு முன்னமே என்னை ஏற்றிவிட்டார்கள். பெரியவள் நான் வெளிக்கிடும்போது அறையை விட்டு வரவில்லை.

வவுனியாவுக்கு வந்து, மாங்குளத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். மழை விட்டிருந்த நேரம். பையை முற்றத்தில் வைக்கக்கூட இல்லை, அண்ணா அறைந்தார். அவருக்கு எல்லாக் கதையும் எனக்கு முன்னமே வந்திருந்தது.

"ஆம்பிளைக்குக் கை நீட்டவோ உன்னை அனுப்பினது?"

இரண்டாவது அடியில் நான் விழுந்தேன். அம்மா குசினியிலிருந்து தும்புத்தடியோடு வந்தார், கூட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். என்னைத் தூக்கி, தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். பல் இல்லாத இடத்தை விரலால் தடவினார். பிறகு திரும்பி அண்ணாவை அடிக்கத் தொடங்கினார். அண்ணாவுக்கு அவர் அதுவரை கை வைத்ததே இல்லை. தோளில், முதுகில், முழங்காலில் தடி முறியும் வரை அடித்தார். தனியாகப் படகு தள்ளுகிற ஆள், குழந்தைப்பிள்ளை போல இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றார். முறிந்த தடியை அடுப்புக்குள் வைத்துவிட்டு எனக்குக் கஞ்சி வார்த்தார். கண்டும் காணாத மாதிரி இரு என்று போனில் சொன்னதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுவருடப் பூசை முடிந்து வந்தபோது அக்காவின் தாய் எங்கள் வீட்டுப் படலை வாசலில் நின்றார். புதுக்குடியிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். குனிந்து மண்ணை அள்ளி என் புதுச்சட்டையில் எறிந்தார். என் வயிற்றில் ஒன்றும் தங்காது என்றார், தன் மகளின் தாலிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சனம் கூடிவிட்டது. அம்மா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார், செம்பைத் திருப்பிக் கொடுத்தார், விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினார்.

அத்தான் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று அங்கே பொலிஸார் தடை போட்டிருந்தார்களாம். உயிர்த்த ஞாயிறுக்குள் அக்காவே அவரைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். அதைக் கேட்டபோது நான் கிளிநொச்சியில் தையல் ஃபக்டறி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். மெஷினில் இருந்தபடி எனக்குள் எழும்பியது கோபமா வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை. ஊசி விரலுக்குள்ளால் இறங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா போன் எடுத்தார். பிள்ளைகளோடு வேறு ஊருக்கு வந்துவிட்டாராம். அத்தான் பெரியவளுக்குக் கை நீட்டிய அன்று வீட்டை விட்டு இறங்கியவர். நத்தாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல் கட்டினாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். சின்னவன் நன்றாகக் கதைக்கிறானாம். வேலை கிடைத்துவிட்டதாம், அதுவும் முதியோர் இல்லம்தான்.

பிறகு, "என்ர அம்மாவைக் கண்டனியோ?" என்று கேட்டார்.

சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவார், எங்கள் வீட்டு ஆட்களோடு கதைப்பதேயில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

"என்னோடையும் கதைக்கிறேல்லை" என்றார் அக்கா. "நான் உன்ர அத்தானை விட்டிட்டு வந்த நாளிலயிருந்து."