சாயங்காலம் ஏறி வரும் தரை

மற்றவர்கள் மீனுக்காக வலை இழுப்பார்கள். நான் மீன்குஞ்சுகளுக்காக இழுத்தேன், எண்ணியும் சொன்னேன். எழுபதுகளின் கடைசியில், காரைக்கால்மேட்டிலிருந்து போன ஆராய்ச்சிப் படகில் அதுதான் என் வேலை. எண்ணுகிற வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பகலில் வெறும் தண்ணீர்

மல்துணி போன்ற அந்த வலையைப் பகலில் மேலாக இழுத்தால் ஒன்றும் வராது. ஆழத்தில் இறக்கினால் குஞ்சுகள் வரும். பொழுது சாய்ந்தால் அவை மேலே ஏறும், விடிந்தால் இறங்கும் என்றார் எங்களோடு படகில் வரும் ஆராய்ச்சி ஆபீசர். படகோட்டும் ஸ்ராங்கு காத்தமுத்து அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. முந்தைய படகை மணல்திட்டில் ஏற்றிவிட்டவர் அவர்; இன்னொரு தடவை தரை தட்டினால் வேலை போய்விடும். "குஞ்சு கெடக்கட்டும் தம்பி, தரை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

ஏறி வந்த கோடு

ஆழம் காட்டும் கருவியின் காகிதத்தில் தரை கறுப்புக் கோடாக விழும். ஒரு சாயங்காலம் எஞ்சினை அணைத்து, படகை ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தோம். அடிக்கோட்டிலிருந்து இன்னொரு கோடு பிரிந்து எங்களை நோக்கி மெல்ல ஏறியது. அண்ணன் பதறி எஞ்சினைக் கிளப்பப் போனார். வலை நீரில் கிடந்தது, கிளப்பினால் படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கினேன். ஏறி வந்த கோட்டின் ஆழத்தில் அது எதிலும் படவில்லை. அதைத் தாண்டிப் போய்ப் பழைய தரையில்தான் முட்டியது. அண்ணன் குரலை இறக்கிக் கேட்டார்: "அப்ப நடுவுல வர்றது எது?"

கண்கள்

வலையை இழுத்தேன். அதன் நுனியில் கட்டியிருந்த கண்ணாடிச் சாடி கனத்தது. குஞ்சுகளின் உடம்பு கண்ணாடி போல இருக்கும், தெரியாது. டார்ச் அடித்தால் கண்கள் மட்டும் ஜோடி ஜோடியாக மிதந்தன. விளக்கை நகர்த்திய பக்கமெல்லாம் அவையும் திரும்பின. எண்ண முடியவில்லை என்றேன். வாந்தியெடுத்துப் படுத்திருந்த ஆபீசர் சொன்னார்: "கண்ண எண்ணி ரெண்டால வகுத்துடுங்க."

கறுப்புத் துணி

ஏறி வந்த கோடு இந்தக் குஞ்சுக் கூட்டம்தான் என்று அண்ணனுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. உயரமான சாடியில் குஞ்சுகளை விட்டு, கறுப்புத் துணி சுற்றி, வெளிச்சம் புகாத கீழறையில் வைத்தோம். மறுநாள் நண்பகலில் துணிநுனியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் அடியில் கிடந்தன. பொழுது விழுந்ததும் மறுபடி தூக்கினார். எல்லாம் மேலே, நீர்மட்டத்தை முட்டிக்கொண்டு நின்றன. துணியை மெதுவாக மூடினார். "இருட்டுக்குள்ளயே கெடந்தும், வெளியில இருட்டுனது அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி."

ஓய்வு பெறும்வரை அவர் ஒருநாளும் தரை தட்டவில்லை. சாயங்காலமானால் நான் குண்டை இறக்கிச் சொல்லும்வரை படகை நகர்த்தவும் இல்லை என்பதால், கடலின் அடி இன்னும் அடியிலேயே இருக்கிறதா என்று தினமும் பார்த்துச் சொன்ன ஆள் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.