மெழுகுவர்த்தித் திருநாளில் இரண்டாம் ஓலை

அரசாங்கத்தின் வருஷம் ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. திருச்சபையின் வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னதாக, அட்வெந்தில் தொடங்குகிறது. முப்பத்து நான்கு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் முதல் வருஷத்தை நம்பி வாழ்ந்தேன். ஓய்வு பெற்றபின் இரண்டாவதற்கு மாறிக்கொண்டேன். இரண்டிலும் விதிகள் உண்டு, பதிவேடுகள் உண்டு. இரண்டாவதில் பாட்டும் உண்டு.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் கோயில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட ஒரே அறை. அறுபது பேர் உட்காரலாம். மழைக்காலத்தில் நாற்பது பேர், ஏனென்றால் சில பெஞ்சுகளுக்கு மேலே ஒழுகும். ஆயருக்கு எங்களையும் சேர்த்து ஏழு கோயில்கள். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்தான் எங்களுக்கு ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் நாங்கள் பாவம் செய்யமாட்டோம் என்று பேராயம் நம்புகிறது போலும். திருநாள் வந்தால், ஆயர் இல்லாத நாட்களில் சபையை நடத்தும் உபதேசியார் விடிகிற நேரத்தில் ஒரு சின்ன ஆராதனை வைப்பார். தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு தொடங்குமுன் முடித்துவிடுவார்.

இந்த மலையில் திருச்சபைக் காலங்கள் தட்பவெப்பத்தோடு ஒத்துப்போகின்றன. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து உறைபனியில் கருகிய செடிகளோடு வரும். ஈஸ்டர் முடிந்து பெந்தெகொஸ்தே நெருங்கும்போது சீசன். கோயிலுக்குப் போகிற நாங்கள் மலர்க் கண்காட்சிக்குப் போகிற கார்களுக்கு வழிவிட்டுச் சாலையோரம் நிற்போம். அதன்பிறகு திரித்துவத்துக்குப் பின் வரும் ஞாயிறுகள், இருபதுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக. மழை முழுவதும் அவற்றில்தான் போகும். அந்த ஞாயிறுகளுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்.

ஒவ்வொரு அட்வெந்துக்கும் நான் அந்த வருஷத்தின் திருநாள் அட்டவணையை எழுதிக் கோயில் கதவில் ஒட்டுவேன். யாரும் கேட்டதில்லை. யாரும் படித்ததாகவும் தெரியவில்லை.

அந்த வருஷம் லெந்து சீக்கிரம் வந்தது. அதனால்தான் எல்லாமே நெருக்கடியாயிற்று.

என் மகளுக்கு முப்பத்தொரு வயது. குன்னூரில் தேயிலைத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. என் மனைவி இறந்து ஆறு வருஷமாக நாங்கள் இருவர்தான் வீட்டில். எங்கள் கோயிலிலேயே வளர்ந்த ஒருவரை அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். அவருடைய அம்மா இதே தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். நான் மறுப்புச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிறிஸ்துமஸுக்குக் கேட்டதற்குப் பொங்கல் கழிந்துதான் சரி என்றேன்.

பிப்ரவரி கடைசியில் அவர் கப்பலேற வேண்டும். லெந்து தொடங்கிவிட்டால் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டுத் திரும்பினால் அட்வெந்து. அதற்குள்ளும் கல்யாணம் கிடையாது. ஆகவே லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் போய்விடும். அதற்கு முந்தின திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று முறை சபையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். எங்களவர்கள் அதை ஓலை என்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார்கள். யாரும் சொல்லமாட்டார்கள். ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு முதல் ஓலை ஆயிற்று. பிப்ரவரியின் முதல் ஞாயிறு இன்னொன்று வாசிக்கலாம். அடுத்த ஆராதனை லெந்துக்குள் விழுந்தது. ஒன்று குறைந்தது. உபதேசியார் யோசித்து, நடுவில் வருகிற பிப்ரவரி இரண்டாம் தேதியை எடுத்துக்கொண்டார். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோன திருநாள் அது. எல்லோரும் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பதால் மெழுகுவர்த்தித் திருநாள் என்போம். அந்த வருஷம் வெள்ளிக்கிழமை வந்தது.

ஓலை ஞாயிற்றுக்கிழமைதான் வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விதி. உபதேசியார் தேதிகளைச் சொன்ன அன்றே அது என் மனதில் தட்டியது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயிலில் இருபது பேர் இருந்தோம். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மாப்பிள்ளை மருத்துவச் சோதனைக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். என் மகள் கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் இருந்தாள். உபதேசியார் இரண்டாம் ஓலையை வாசித்தார், தடை உண்டா என்று கேட்டார், நிறுத்தினார்.

நான் எழுந்து நின்றேன்.

எழுந்தது மெழுகுவர்த்தியோடு. ஒரு திருத்தம் சொல்லத்தான் எழுந்தேன். வெள்ளிக்கிழமை வாசித்தால் செல்லாது, பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால் சிக்கல், வேறு ஏற்பாடு செய்வோம். இவ்வளவுதான் வாசகம், மனதில் தயாராக இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்: மௌனம் அல்லது தடை. மூன்றாவதாகத் திருத்தம் என்ற ஒன்றுக்கு அங்கே இடமில்லை. விதி தெரிந்த எனக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

“இது முறையில்லை” என்றேன். அதற்குமேல் வாக்கியம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். “பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறாருன்னு நெனச்சேன்” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“உக்காருங்கப்பா” என்றாள் என் மகள், திரும்பாமலேயே.

உட்கார்ந்தேன். ஆனால் உபதேசியார் தோட்டத்து ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டு விஷயத்தில் என் ஜாதி. ஆராதனை முடிந்ததும் ஓலைப் பதிவேட்டைத் திறந்தார். அதில் ‘தடை’ என்று ஒரு கட்டம் உண்டு. முந்தின பக்கங்களில் எல்லாம் அது காலியாக இருந்தது.

“அதெல்லாம் எழுதாதீங்க” என்றேன். “நான் விளக்கம் சொல்லத்தான் எழுந்தேன்.”

“எந்திரிச்சு நின்னுட்டீங்களே சார். இத்தன பேரு பாத்திருக்காங்க. எழுதாம உட்டா நாளைக்கு நீங்களே வந்து ஏன் எழுதலைன்னு கேப்பீங்க.”

கேட்டிருப்பேன்தான். அந்தக் கட்டத்தில் ‘பெண்ணின் தகப்பனார்’ என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கினார். பேனாவும் என்னுடையது.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா மெழுகுவர்த்தியை அணைக்காமல் நின்றிருந்தார். “என்னாங்க சம்பந்தி, லயத்து வீட்டுப் பையன்னு இருக்கா? இருந்தா வீட்டுல வந்து சொல்லியிருக்கலாமே. காபி குடுத்திருப்பேனே.”

“அப்படி ஒண்ணும் இல்லீங்க. கிழமைதான் தப்பு.”

“கிழமையா?” அவர் என் மகளைப் பார்த்தார். “ஒங்கப்பாவுக்கு நல்ல நாள் பாக்குற பழக்கமும் உண்டா, தாயி?”

வீடுவரை என் மகள் முன்னால் நடந்தாள். தேநீர் போட்டாள், எனக்கும் வைத்தாள். அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். “கிழமை தப்புன்னே வெச்சுக்கலாங்கப்பா. தேதி சொல்லி இத்தனை நாளாச்சு. உபதேசியார் வாரத்துல மூணு நாள் நம்ம ஊட்டுத் தின்பண்டத்தைத் தின்னுட்டுப் போறாரு. அவருகிட்ட ஏன் சொல்லல?”

“சந்தர்ப்பம் வரலை.”

“சரிங்க” என்று போய்விட்டாள். அந்த ‘சரிங்க’ எனக்குப் பழக்கமான சொல். அலுவலகத்தில் பொய்ச்சாட்சி சொன்னவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன்.

அன்று உட்கார முடியவில்லை. தடையை வாபஸ் பெறும் மனு ஒன்று எழுதினேன். பிறகு அதைச் சுருக்கி இன்னொன்று. முதல் மனுவில் நான் குற்றமற்றவனாக இருந்தேன். இரண்டாவதில் சற்றே கவனக்குறைவானவன். மூன்றாவது மனு ‘ஆகவே’ என்ற சொல்லோடு நின்றது. மகள் மாலையில் வந்து, சாப்பிட்டு, கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த கடைக்காரியிடம் போனில் பேசினாள். “தைங்க. வேண்டியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்” என்றாள்.

சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. பேராயரிடம் சிறப்பு அனுமதி பெற்றால் ஓலையே இல்லாமல் கல்யாணம் செய்யலாம். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினேன். சனிக்கிழமை அங்கே பேராயரின் அலுவலகம் பூட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஏறும்போதே தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றொன்றாக இறங்கி, பாதி வழியில் பர்லியாறு வந்ததும் இறங்கிக்கொண்டேன். ஒரு தேநீர் குடித்துவிட்டு, மேலே போகிற பஸ்ஸுக்குச் சாலையின் மறுபக்கம் நின்றேன். நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் பஸ் வந்துவிடுமோ என்று திரும்பி வந்தேன். குரங்குகள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தன.

திரும்பும்போது வெள்ளிக்கிழமை வாசித்த வேதபாடம் நினைவுக்கு வந்தது. ஆலயத்தில் சிமியோன் என்ற முதியவர் குழந்தையைக் கையில் வாங்கி மகிழ்கிறார், இனி நிம்மதியாகப் போவேன் என்கிறார். ஐம்பது வருஷமாகக் கேட்கிற பாடம். வாங்கியதைத்தான் எப்போதும் பேசுவார்கள். குழந்தையை அவர் திருப்பிக் கொடுத்தும் இருக்க வேண்டும். அதைப்பற்றி ஒரு பிரசங்கமும் கேட்ட ஞாபகமில்லை.

ஞாயிறு காலை ஆயர் இரு சக்கர வண்டியில் வந்தார். என் மகளைவிட ஓரிரு வயது மூத்தவர். ஆராதனைக்கு முன் எங்களை உடை மாற்றும் அறைக்குள் அழைத்தார்: நான், என் மகள், மாப்பிள்ளையின் அம்மா, பதிவேட்டோடு உபதேசியார். மாப்பிள்ளை வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, பாவம்.

ஆயர் பதிவேட்டைப் படித்தார். “திருநாள்ல ஓலை வாசிக்கக் கூடாதுன்னு எங்க இருக்குதுங்க சார்?”

“ஞாயிற்றுக்கிழமைன்னு இருக்கு.”

“ஞாயிறோ திருநாளோன்னுதாங்க பழைய விதி. நம்ம பக்கம் அதை யாரும் மாத்தல. போன அந்திரேயா திருநாள்ல நானே இன்னொரு கோயில்ல வாசிச்சேன். ஏழு கோயிலுக்கு ஒரு ஆளு, வேற என்னங்க பண்றது?”

இவ்வளவு வருஷமாக நான் அறிந்திருந்தது அரசாங்கத்துப் புத்தகம். பரிசுத்தவான்களின் நாட்களை அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டியவன், அவற்றுக்கு ஓலை வாசிக்கும் தகுதி உண்டு என்பதை அறிந்திருக்கவில்லை.

“அப்ப அந்தத் தடை செல்லாது” என்றார் ஆயர். “ஆனா நீங்க எந்திரிச்சது எந்திரிச்சதுதான். வேற தடை ஏதாவது இருக்குதான்னு நான் கேட்டாகணுங்க.”

இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஒற்றைச் சொல். என் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றேன். “வெள்ளிக்கிழமை தப்புன்னு நெனச்சேன். நெனச்சும் சொல்லாம வெச்சிருந்தேன்.”

“எதுக்குங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“தள்ளிப் போகட்டும்னு.”

என் மகள் திரும்பினாள். “எத்தனை நாளைக்குங்கப்பா?”

“ஒரு வருஷம்.”

“அப்புறம்?”

“அப்புறம் அட்வெந்து.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்க விருப்பமில்லாமல் வந்த சிரிப்பு. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஊட்டுல தனியா இருக்கோணும்னு பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லத் தெரியலை.”

உபதேசியார் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். “இதை எந்தக் கட்டத்துல எழுதறதுங்க ஐயா?”

“எழுத வேண்டாம்” என்றார் ஆயர். “தடை விலக்கப்பட்டதுன்னு மட்டும் போடுங்க. சார், கையெழுத்து.”

போட்டேன். மணி அடித்தது. கோயிலில் பெஞ்சு நிறைந்திருந்தது. வெள்ளிக்கிழமைச் செய்தி எல்லா லயங்களுக்கும் போயிருந்தது. மழைக்கு ஒழுகாத பெஞ்சில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கத்தை விட்டு எழுந்து, நடுவழியைக் கடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் கோயிலில் அப்படி யாரும் செய்ததில்லை.

“இது ஆம்பளைங்க பக்கம்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“தெரியுங்க” என்றார்.

ஆயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவரும், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன், வழக்கத்தைவிட நீளமாக நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா என் கோட்டின் கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரல்கள். முயன்றிருந்தாலும் எழுந்திருக்க முடிந்திருக்காது. நான் முன் பெஞ்சில் இருந்தவரின் மப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு தம்ளர் தேநீர் போதும்.

நிறுத்தம் முடிந்தது. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அவர் கோட்டை விட்டார். “இப்ப எந்திரிக்கலாம் சம்பந்தி” என்றார். “எல்லாரும் எந்திரிச்சாச்சு.”