அரண்மனை ஓவியரும் என்ர மனுசனும்

என் கணவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சத்திரசிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் ஒன்றரை வருடம் இழுத்தடித்தார். அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். முதல்நாள் டொக்டர் பார்வை எப்படி என்று கேட்க, இவர் "வடிவாத் தெரியேல்லை" என்றிருக்கிறார். போனில் மொழிபெயர்த்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு, எங்கள் ஊரில் 'வடிவா' என்றால் 'அழகாக' மட்டுமல்ல, 'நன்றாக' என்றும் அர்த்தம் என்று தெரியாது. பார்ப்பதெல்லாம் அழகாக இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. டொக்டர் சிரித்துவிட்டார். இவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாசி மாதம் விம்பிள்டனில் ஒரு துருக்கிப் படம் பார்க்கப் போனோம். ஒட்டோமன் காலத்தில் சுல்தானின் அரண்மனையில் சின்னஞ்சிறு ஓவியங்கள் வரைந்த ஒருவரின் கதை. ராசா ராணிப் படமென்றால் இவருக்கு உயிர். கீழே ஓடிய ஆங்கில எழுத்து இவர் கண்ணுக்குத் தெரியாததால் நான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைக்காரர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஓவியருக்குப் பார்வை மங்குகிறது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைக்கிறார். மனைவிதான் நிறங்களை எடுத்துக் கொடுக்கிறாள். ஒருநாள் அவளிடம், உன் முகத்தை ஞாபகத்தில் வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். அதை மட்டும் நான் இவர் காதில் சொல்லவில்லை.

"என்னவாம்?"

"சாப்பாடு ஆறுதாம்" என்றேன்.

"சாப்பாட்டுக்கே அந்த மனுசி இப்பிடி அழுறா? சரியாச் சொல்லும்."

சொன்னேன். இவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்கும் உம்மட முகம் அப்பிடித்தான். ரோசம் எண்டது சும்மா சாட்டு. ஒப்பரேசன் பிழைச்சா மிச்சமும் போயிடுமெண்டு பயம்."

இதை முதலே சொல்லியிருந்தால் ஒன்றரை வருடம் அந்த மொழிபெயர்த்த பிள்ளையைத் திட்டித் தீர்த்திருக்க மாட்டேனே என்று கோபம் வந்தது. ஆனால் இந்த மனுசன் பயம் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. கையை விடாமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அவரே போன் எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்றார். என்ன விசயமாக எடுக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ வான்ட் டு சீ மை வைப்" என்றார்.

உங்கள் மனைவி எந்த வார்டில் இருக்கிறார் என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

இவர் என் பக்கம் திரும்பினார்.

"வார்டில இல்லைப் பிள்ளை" என்று தமிழிலேயே சொன்னார். "எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறா."