டெஸ்ட் பேஜ் நன்றாகத்தான் வந்தது

கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் மச்சானின் கருத்து. கருவடிக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பிரிண்டரை இணைத்தவனும் அவனே. ஒரு டெஸ்ட் பேஜ் வந்ததும், "முடிஞ்சுது மாமா, இனிமே கண்ண மூடிக்கினு அடிக்கலாம்" என்று எழுந்துவிட்டான்.

அம்மாவின் பிரெஞ்சு பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுப் படிவத்தை அதில் அடித்து, கடைசி நாளன்று அவரை ஆட்டோவில் சீல் வைத்துத் தரும் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். அன்று சீல் வாங்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கவுன்டரில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் வைக்கிற கட்டமே காணோமே சார்?"

"நான் முழுசாதாம்மா இருக்கேன், பேப்பருதான் பாதில போயிடுச்சு" என்றார் அம்மா.

எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, மொபைலில் இருந்த படிவத்தை மறுபடி அடித்து வந்து, கவுன்டர் மூடும் முன் சீல் வாங்கினேன்.

வீட்டில் பிரிண்டர் செட்டிங்ஸைத் திறந்தேன். ஏ4 இருக்க வேண்டிய இடத்தில் அமெரிக்க லெட்டர் அளவு இருந்தது. அது நீளத்தில் குறைவு என்பதால் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. மச்சானிடம் கேட்டால், "டெஸ்ட் பேஜ் நல்லாதான மாமா வந்துச்சு?" என்கிறான். டெஸ்ட் பேஜுக்கு யாரும் பென்ஷன் தருவதில்லை.

இப்போது எதை அடித்தாலும் முதலில் தாள் அளவைப் பார்க்கிறேன். அடித்த தாளின் கடைசி வரியைத் திரையோடு ஒப்பிட்ட பிறகே எழுகிறேன். மச்சான் வந்தால் சாப்பாடு உண்டு. கம்ப்யூட்டர் இருக்கும் அறை பூட்டியிருக்கும்.