ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் ஒரு போன்

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் சிங்காநல்லூர் மில் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் மெகர் அக்காவின் பெயர் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். எடுத்தால் ஆண் குரல். “மரகதம் அக்காங்களா? நான் மெகர் அக்கா தம்பி காதர் பேசறனுங்க. அக்கா மவுத்தாயிட்டாங்க. சாயந்தரம் அடக்கம் பண்றமுங்க.” நான் “எப்பங்க?” என்று மட்டும் கேட்டேன். “சனிக்கிழமை ராத்திரியா, நேத்தாங்கறது தெரியலீங்க. இன்னைக்குக் கடை தொறக்க வந்த சாந்திதான் பாத்துச்சு” என்றார். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். 

என் வலைப்பதிவைப் படிக்கும் உங்களில் பலர் மெகருன்னிசாவை எழுத்தில் மட்டும் அறிந்தவர்கள். ‘தலையணைக்குப் பக்கத்தில்’ என்பது அவருடைய வலைப்பதிவின் பெயர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த வாரத்து வாசிப்புக் குறிப்பு அதில் வந்துவிடும். படித்து முடித்தது, படித்துக்கொண்டிருப்பது, பாதியில் விட்டது என்று மூன்றே பகுதிகள். கடைசி வரியில் எங்களில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, எத்தனாவது பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்பார். கேட்கப்பட்டவர் அன்றைக்கே பின்னூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எங்களில் என்றால், பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிசாமி அண்ணன், சத்தியமங்கலத்தில் செவிலியராக இருக்கும் கோகிலா, அப்புறம் நான். நான்கு பேரும் வலைப்பதிவு எழுதுகிறவர்கள். ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் தவறாமல் படிப்போம். நாலு பேருக்கு நாலு பத்திரிகையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை.

அக்காவுக்குக் கோட்டைமேட்டில் மெத்தைக் கடை. கணவர் காலமான பிறகு அவரே கடையைப் பார்த்துக்கொண்டார். மாடியில் தனியாக இருந்தார். மகள் சார்ஜாவில். மெத்தைத் துணியில் மிஞ்சும் கோடு போட்ட கிழிசல்களைத்தான் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைப்பார். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அதில் இலவம் பஞ்சு ஒட்டியிருக்கும். கோகிலாவுக்குப் பஞ்சு ஆகாது. அக்காவின் புத்தகத்தைத் தும்மிக்கொண்டே படித்ததாக ஒருமுறை எழுதியிருந்தாள். அதற்கு அக்கா, “அழுதுட்டே படிச்சேன்னு எல்லாரும்தான் எழுதறாங்க. தும்மிட்டே படிச்சது நீ ஒருத்திதான் கண்ணு” என்று பின்னூட்டம் போட்டார்.

பன்னிரண்டு மணி விதியும் அவர் போட்டதுதான். ஒருமுறை பழனிசாமி அண்ணனின் வாரக் குறிப்பு மூன்று வாரங்கள் வரவில்லை. பட்டறையில் வேலை அதிகம் போல என்று நாங்கள் பழைய பதிவுகளுக்குப் பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். லேத்தில் கை சிக்கி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது நான்காவது வாரம்தான் தெரிந்தது. அக்கா அன்றைக்குக் கோபப்பட்ட மாதிரி நான் பார்த்ததே இல்லை. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம் என்று இப்போது புரிகிறது. “மூணு வாரம் ஆளே இல்லாத ஊட்டு வாசல்ல நின்னு பேசிட்டு இருந்திருக்கறோம். என்ன சிநேகிதம் இது?” என்றார். அன்றிலிருந்து, ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் ஒருவர் பதிவு வரவில்லையென்றால் மற்றவர்கள் உடனே போன் போட வேண்டும் என்று ஆனது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாவலைப் பற்றி நான் எழுதியிருந்தேன். கதை சட்டென்று அறுந்து நிற்கும் விதத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்து, இப்படி முடிக்க ஒரு துணிச்சல் வேண்டும் என்று இரண்டு பத்தி. மதியம் அக்கா கூப்பிட்டார். “கண்ணு, உன்ற புத்தகத்துல கடைசிப் பக்கம் நம்பர் என்ன?” சொன்னேன். “என்றதுல இன்னும் பதினாறு பக்கம் இருக்குது.” பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கங்கள் விட்டுப்போன பிரதி அது. நான் படிக்காத முடிவைத்தான் அப்படிப் புகழ்ந்திருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. கடையில் ஆள் வரும்போது நிறுத்தி நிறுத்தி, அந்தப் பதினாறு பக்கத்தையும் போனிலேயே எனக்குப் படித்துக் காட்டினார். முடிவு நான் எழுதியதற்கு நேர் எதிராக இருந்தது. “அடுத்த வாரம் பாதியில் விட்டதுங்கற எடத்துல உண்மைய எழுதிப்போடு” என்றார். பயமாக இருக்கிறது என்றேன். “பயந்துட்டே எழுது. பயம் போகட்டும்னு உக்காந்தீன்னா எழுதவே மாட்டே.” நான் எழுதவில்லை. அவரும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பாராட்டி பழனிசாமி அண்ணன் போட்ட பின்னூட்டமும் இருக்கிறது.

கடைசி ஆண்டில் சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது. இருந்திருந்தாற்போல் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி மிதக்கிறது என்றார். கண்ணில் ஊசி போட வேண்டும், ஆறு வாரம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாவுக்குப் பயப்படாத மனுஷி இதற்குப் பயந்தார். என்னைக் கடைக்கு வரச் சொன்னார். பதிவுகளை முன்கூட்டியே எழுதி, தேதி குறித்து வைத்தால் தானாக வெளிவருமாமே, அதைச் சொல்லிக்கொடு என்றார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். முன்பு படித்த புத்தகங்களை வைத்து ஆறு ஞாயிறுக்கும் ஆறு குறிப்புகளை எழுதி, தேதி வைத்துவிடப் போவதாகச் சொன்னார். “யாருகிட்டயும் சொல்லீராத. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா பாவம் பாத்துப் பாராட்டுவாங்க.” அப்படியானால் பன்னிரண்டு மணி விதி என்னாவது என்று நான்தான் கேட்டேன். பதிவு தானாக வந்துகொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்று என்றால் யாருக்குத் தெரியும்? அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். “அதுக்குத்தான் நீ இருக்கறியே. ஞாயித்துக்கிழமை பன்னெண்டுக்குள்ள எனக்கு ஒரு போன் போட்டுரு.” சரிங்கக்கா என்றேன். ஊசி போடுவதற்கு முன் ஆறையும் எழுதித் தேதி வைத்துவிட்டார்.

நான்கு ஞாயிறு போட்டேன். எடுத்ததும் “இருக்கேன் கண்ணு” என்பார். பிறகு அரை மணி நேரம் நான் படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

ஐந்தாவது ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பதிவு வந்தது. நல்ல பதிவு. பாதியில் விட்டது என்ற இடத்தில் ஒரு சமையல் புத்தகத்தைப் போட்டு, உப்பு எவ்வளவு என்று சொல்லாததால் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். உடனே பின்னூட்டம் எழுதினேன். கேள்வி அந்த வாரம் பழனிசாமி அண்ணனுக்கு. பதில் போட்டுட்டேனுங்க என்று அவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொன்னார். அக்கா வந்து அனுமதித்தால்தான் அவர் வலைப்பதிவில் பின்னூட்டங்கள் வெளியே தெரியும். முந்தைய நான்கு வாரமும், படிக்காமலே பொத்தானை மட்டும் அழுத்தி, பத்து மணிக்கெல்லாம் அனுமதித்துவிட்டார். அன்றைக்கு மதியம் வரை ஒன்றும் வெளிவரவில்லை. அதையும் பார்த்தேன். கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போன் போடவில்லை. வேலை இருந்ததா என்றால் இல்லை. விருந்தாளிகள் வந்தார்களா என்றால் இல்லை. அவர் பதிவைப் படித்துச் சிரித்து, பதிலும் எழுதிவிட்டதால் அவரோடு பேசிவிட்ட மாதிரியே இருந்தது. அது தானாக வந்த பதிவு என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நானே ஏமாந்தேன்.

அடக்கத்தன்று மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். காதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவின் கைபேசியைக் காட்டினார். “தலகாணிக்குப் பக்கத்துலயே இருந்துச்சுங்க. ஞாயித்துக்கிழமையானா உங்க பேருதான் இருக்குது. அதனாலதான் உங்களுக்கு முதல்ல சொன்னனுங்க.” பிறகு, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல், “நேத்து மட்டும் ஒரு மிஸ்டு கால் கூட இல்லீங்க. ஒருத்தராவது கூப்புட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். ஞாயிறு காலையில் அக்காவுக்கு உயிர் இருந்ததா என்று கேட்டேன். டாக்டராலேயே சொல்ல முடியவில்லை என்றார். அந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஒரே பயம். ஆறாவது பதிவு உள்ளே இருக்கிறது. வரும் ஞாயிறு ஆறு மணிக்கு அது வரும். நிறுத்த யாரிடமும் கடவுச்சொல் கிடையாது. மற்ற இருவரையும் எச்சரித்திருக்கலாம். எச்சரித்தால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று ஐந்தரைக்கே எழுந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு வந்தது. கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன். “கண்ணுக்கு ஊசி போட்டிருந்ததால் இந்த ஆறு வாரக் குறிப்புகளும் முன்பே எழுதி வைத்தவை. நண்பர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் நம் விதியை நான் மீறவில்லை. சென்ற ஐந்து ஞாயிறும் பன்னிரண்டு மணிக்குள் மரகதம் எனக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் நானே வந்துவிடுவேன். மரகதம், எத்தனாவது பக்கத்தில் நிற்கிறாய்?”

ஒரு ஞாயிறு கூடக் கழியாத அன்றே, ஐந்து ஞாயிறும் நான் கூப்பிடுவேன் என்று நம்பி எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்து நிமிடத்தில் பழனிசாமி அண்ணன் கூப்பிட்டார். “ஏனுங்க அம்மணி, அக்கா பதிவு வந்திருக்குதுங்க. வெலவெலத்துப் போச்சுங்க எனக்கு.” முழுவதும் படியுங்கள் என்றேன். படித்துவிட்டு மறுபடி வந்தார். “நாங்கதான் ஏமாந்து போனமுங்க. நீங்களாச்சும் பேசுனீங்களே, அது போதும். அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை என்னங்க சொன்னாங்க?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “நல்லாத்தான் பேசுனாங்க அண்ணா. எப்படா புத்தகத்தைத் தொடுவோம்னு இருக்குதுன்னாங்க” என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. அவர் அழுதார். அடுத்த வாரக் குறிப்பில் கோகிலா அதை எழுதியும்விட்டாள், அக்காவின் கடைசிச் சொற்கள் என்று. கீழே யார் யாரோ வந்து எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நான் பார்க்காத ஒரு முடிவை இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை போன் போட்டு, கடைசிப் பக்கம் நம்பர் என்ன என்று கேட்க அக்கா இல்லை.

அன்றிலிருந்து கைபேசி அடித்தாலே காதராக இருக்குமோ என்று பயம். அவர் ஒரு நாள் அந்த வலைப்பதிவைப் படித்துவிட்டு, அன்னைக்கு உங்க கால் இல்லையே அக்கா என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஞாயிறு காலை நான் கூப்பிட்டிருந்தால், “இருக்கேன் கண்ணு” என்ற குரல் கேட்டிருக்குமோ என்பது. அது என்னோடுதான் இருக்கும். யார் மன்னித்தாலும் போகாது.

அண்ணா, கோகிலா, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஐந்தாவது ஞாயிறு நான் போன் போடவில்லை. அக்காவின் கடைசிச் சொற்கள் என்று நான் சொன்னது பொய். அந்த நாவலின் முடிவையும் நான் படித்திருக்கவில்லை. நீங்கள் இனி என் பதிவுகளைப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. படிக்காவிட்டாலும் ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் உங்கள் இருவருக்கும் என் போன் வரும். உங்கள் பதிவு வந்திருந்தாலும் வரும். எடுத்துத் திட்டினாலும் சரி, குரல் கேட்டால் போதும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றும், பயந்துட்டே எழுது என்ற அந்தச் சொல்லும்தான்.

அக்காவின் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறேன், அவருடைய ஆறாவது பதிவின் கீழே. “பதினாறு பக்கம் குறைவாக நிற்கிறேன் அக்கா. அன்றைக்கு நான் கூப்பிடவில்லை.” அதை வேறு யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் முதலில் அங்கே எழுதினேன். ஞாயிறுதோறும் ஆறு மணிக்குத் திறந்து பார்க்கிறேன். என் பதிலுக்கு மேலே அந்த ஒரு வரி அப்படியே நிற்கிறது: உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது.