சுனில்தாவின் காலடியில் மட்டும் ஆடிய தரை

எங்கள் சிலி நாட்டில் நிலம் ஆடினால் யாரும் எடுத்தவுடனே ஓட மாட்டோம். முதலில் அண்ணாந்து விளக்கைப் பார்ப்போம். தொங்குகிற விளக்கு ஆடினால் நடுக்கம். ஆடாவிட்டால் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சுனில்தாவின் முடிதிருத்தும் கடையில் அந்த விளக்கை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கேட்காதீர்கள், கழுத்தே சுளுக்கிக்கொள்ளும்.

"ஆடுது! வெளிய ஓடுங்க!" என்று திடீரென்று சுனில்தா கத்துவாள். தலையில் சாயமும் முகத்தில் சோப்பு நுரையுமாக எல்லோரும் தெருவுக்கு ஓடுவோம். மீன்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பார்த்தால் விளக்கு அசைந்தே இருக்காது. பக்கத்துக் கடையில் பொத்தானும் நூலும் விற்கிறவள் நான், என் வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, பூமி உன் காதுல மட்டும் ரகசியம் சொல்லுதா?" என்பேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளிறிப்போய் நிற்பாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வெயில் கண்ணில் பட்டாலும், சாப்பாடு தள்ளிப்போனாலும் பாதித் தலை தெறிக்கும். நாற்பதைத் தொட்டபோது தரையும் அதோடு சேர்ந்துகொண்டது. நின்ற இடத்திலேயே படகுபோலத் தூக்கிப் போடும். சில நாள் வலியே இல்லாமல் ஆட்டம் மட்டும் வரும். அதனால் தலைவலிக்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளுக்கே தோன்றவில்லை. இந்த நாட்டில் பிறந்தவளுக்குக் கால் தள்ளாடினால் நிலம்தான் ஆடுகிறது என்று தோன்றும், வேறென்ன தோன்றும்?

அப்படி ஒரு பொய் நடுக்கத்தில்தான் அவளிடம் சவரத்துக்கு வரும் கிழவர் தோன் ருபெர்த்தோ வாசற்படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து, கால் இரண்டும் சரியாக விளங்காமல் போய், ஊன்றுகோலில் நடப்பவர். அவருக்குக் கோபமில்லை. "இவ கடைக்கு வர்றதுக்குக் கடலுக்கடியில இருக்கறதே பத்திரம்" என்று சிரித்தார். ஆனால் ஊர் சிரிக்கவில்லை. கத்தி பிடிக்கிறவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசினார்கள். இன்னொரு தடவை கூச்சல் போட்டால் காலி செய்ய வேண்டியதுதான் என்று கடைக்குச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நகரத்து ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். காது டாக்டரம்மா அவள் தலையைத் திருப்பினார், கண்ணை மூடி நடக்கச் சொன்னார், கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "காது நல்லாத்தான் இருக்கும்மா. அது அனுப்பற சேதியைத்தான் உங்க மூளை தப்பா எடுத்துக்குது. தலைவலியும் இந்த ஆட்டமும் ஒரே வியாதி. நீங்க பொய் சொல்லல" என்றார். சுனில்தா அழுதுவிட்டாள். காதுக்குள் பட்டாணி அளவு இடம், அது சொல்வதை நம்பித்தான் நாம் அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்கிறோமாம். பஸ்ஸில் திரும்பும்போது என் காதை நானே நாலு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாத்திரையில் பாதி குறைந்தது. மீதியோடு அவள் வேலை செய்தாள். இனி மற்றவர்கள் ஓடினால்தான் ஓடுவேன் என்று முடிவெடுத்திருந்தாள். ஆட்டம் வந்தால் கத்தியை எடுத்துவிட்டு, காலை அகட்டி வைத்து, எதிர்ச்சுவர் ஆணியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தலையை மட்டும் திருப்ப மாட்டாள், உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள்.

"எப்படிடி விழாம இருக்க?" என்று கேட்டேன்.

"காலை நம்பறதில்ல நோல்ஃபா. கண்ணால ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். அது நிக்குதுல்ல, அப்ப நானும் நிக்கிறேன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்ப்பதை இவள் வாரம் தவறாமல் தனியாகத் தாங்கிக்கொண்டு, நடுவில் எங்களுக்கு முடியும் வெட்டிவிடுகிறாள்!

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். தோன் ருபெர்த்தோ நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார், நான் பெஞ்சில். சீசாக்கள் கிணுகிணுத்தன. சுனில்தா கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு ஆணியைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, என் தலைதான்" என்று முணுமுணுத்தாள்.

"உன் தலை இல்லடி! நெசமாவே ஆடுது!" என்று அலறினேன்.

அதற்குள் தரை எழும்பி வந்து என்னை அடித்தது. நாலு காலில் கிடந்தேன், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சுவர் நிறையப் பதித்த கண்ணாடி ஒரு பக்கம் கழன்று தோன் ருபெர்த்தோவின் தலைக்கு மேலே தொங்கியது. ஊன்றுகோல்கள் எங்கேயோ உருண்டுவிட்டன.

அவள் நடந்தாள். யாராலும் நிற்கவே முடியாத அந்தத் தரையில், வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்தின் மேல் கண்ணை வைத்து, காலை அகட்டி அகட்டி நடந்தாள். கிழவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். "கீழ பாக்காதீங்க. அந்தக் கம்பத்தைப் பாருங்க" என்றபடி இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் கண்ணாடி நாற்காலிமேல் சரிந்து நொறுங்கியது. திரும்பி வந்து என்னைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

கடல் பொங்கி உள்ளே வருமோ என்று பயந்து ஊரே குன்றேறியது. தோன் ருபெர்த்தோவை மீன்வண்டியில் வைத்துத் தள்ளினோம். மேலே போனதும் சுனில்தா மரத்தடியில் வாந்தியெடுத்து, தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தாள். கடல் மீன்சந்தை வரை வந்து திரும்பிப் போனது.

சாயங்காலம் யாரோ ரொட்டியும் டீயும் கொடுத்தார்கள். "ஆடுது!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் துள்ளி எழுந்தோம். என் கையில் டீ சிற்றலைகூட இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் கத்தினான், அப்போதும் அப்படித்தான். என் காலடியிலும் தரை மெல்ல அலைந்துகொண்டேயிருந்தது. குமட்டியது.

தோன் ருபெர்த்தோ இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுனில்தா, இப்ப ஆடுதாம்மா?"

அவள் ஒரு கண்ணைத் திறந்து என் டீயைப் பார்த்தாள். "இல்ல."

"எனக்கு ஆடுதே. பொய் சொல்லல தாயி, சத்தியமா ஆடுது."

"தெரியும்."

"இது எப்ப நிக்கும்?"

அவள் புல்லிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ரெண்டு நாள்ல நின்னுடும்" என்றாள்.