சின்னவனைப் போட்டுவிட்டு ஓடியவர்

"விண்ணப்பதாரர் தம்மைவிட இளைய ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியதாகத் தம் வாயாலேயே கூறியிருக்கிறார். ஆகவே பாதுகாப்புப் பெறத் தகுதியற்றவர்."

2012இல் பூபாலசிங்கத்தின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த பிரெஞ்சுக் கடிதம் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. போர் நடந்த விசுவமடுவிலிருந்து வந்த அந்த ஐம்பது வயது மனிதரைத் தெரிந்தவர்கள், கடிதம் வேறு யாருக்கோ போகவேண்டியது என்றே நினைத்தார்கள். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஓர் உணவகத்தின் பின்கட்டில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சட்டப்படி அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஆகவே அவர் வேலை செய்யவில்லை, உதவி செய்தார். எலிப்பொறி வைக்கச் சொன்னால் பொறியை ஒரு மூலையிலும் தேங்காய்த் துண்டை வேறு மூலையிலும் வைப்பார். அப்படிப்பட்டவர் கொலைகாரர் என்றால், எலிகளிடம் சாட்சியம் கேட்டிருக்கலாம்.

கடிதத்தைத் தமிழில் கேட்டபோது பூபாலசிங்கம் அழவில்லை, கத்தவில்லை. "என்ரை பைலுக்கை ஆற்றையோ பேப்பர் ஏறிப்போச்சு" என்றார். மேன்முறையீடு செய்த சட்டத்தரணி அதை ஏற்கவில்லை. "நீங்கள் சொல்லவில்லை என்று மறுப்பது போதாது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்." எங்கிருந்து வந்தது என்று பூபாலசிங்கத்துக்கும் தெரியவில்லை. முதல் விசாரணையில் தாம் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். அதில் ஒரு பிணமும் இல்லை. வழியில் பார்த்த பிணங்களைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து இரவுக்கு அடுப்பு மூட்டும் வரை உணவகத்தில் ஆளுக்கு வேலையிராது. அந்த இடைவெளியில் ஸ்டாலின்கிராட் என்ற மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு சங்க மண்டபத்தில் நடந்த பிரெஞ்சு வகுப்புக்குப் போவார். கற்பித்தவர் மதாம் பெல்லான். ஆயுள் முழுக்கப் பள்ளியில் இலத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றவர். தபாலகத்தில் பேசவும் பயணச்சீட்டு வாங்கவும் கற்றுக்கொடுக்கும்படி சங்கம் அவரைக் கேட்டிருந்தது. இரண்டு கிழமை கேட்டபடி செய்தார். மூன்றாவது கிழமை, ஒரு பழைய உரோமக் கவிஞரின் வாழ்க்கையைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். இறந்தகால வினைகளைப் பழக இறந்தவர்களே வசதி என்பது அவருடைய கட்சி.

கவிஞரின் கதை இதுதான். தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், ஏலத்தில் காசு வசூலிப்பவர். மகனை உரோமையின் நல்ல பள்ளிக்குத் தாமே கூட்டிப்போனார். மகன் கிரேக்க தேசம் போய்ப் படித்தான். அங்கே உள்நாட்டுப் போர் வந்தது. படிப்பை விட்டு ஒரு பக்கத்தில் சேர்ந்தான், அந்தப் பக்கம் பிலிப்பி என்ற களத்தில் தோற்றது.

"பிலிப்பிலையோ?" என்றார் கோசலை. ரூ பிலிப்பில் மரக்கறிக் கடையில் நிற்பவர், நாக்கு கத்தி. "எந்தக் கடைக்கு முன்னாலை மதாம்?"

மதாம் இதைப் பகடியாகக் கொள்ளவில்லை. அது கிரேக்கத்தின் வடக்கே, என்று படம் வரைந்தார். வகுப்பில் இருந்தவர்களுக்கோ அது கடைசி வரை ரூ பிலிப்பாகவே இருந்தது.

களத்தில் கவிஞர் கேடயத்தை விட்டுவிட்டு ஓடினார். ஓடியதைப் பின்னாளில் தம் பாட்டிலேயே சொன்னார். ஒரு தேவன் வந்து தம்மைப் பனிமூட்டத்தில் சுற்றித் தூக்கிப்போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகில் புண்பட்டவனுக்கு நம் பழம்பாட்டில் இடமே இல்லை, இவரோ முதுகைக் காட்டிப் பாட்டும் கட்டியிருக்கிறார். வென்றவர்கள் பொதுமன்னிப்புக் கொடுத்தார்கள். திரும்பி வந்தால் அப்பாவின் காணி பறிபோயிருந்தது. அரச கருவூலத்தில் எழுத்தர் ஆனார். பாட்டுகளைக் கேட்ட ஒரு பெரிய மனிதர் மலையடிவாரத்தில் தோட்டம் ஒன்று கொடுத்தார். பேரரசரே தமக்குக் கடிதம் எழுத வாவென்று கூப்பிட்டபோது, குள்ளமும் தொந்தியுமான அந்த மனிதர் மாட்டேன் என்றார். தோட்டத்தில் இருந்து திராட்சை மதுவையும் நண்பர்களையும் கழிந்துபோகும் ஆண்டுகளையும் பற்றி, கிரேக்கச் சந்தங்களை இலத்தீனுக்கு இழுத்துவந்து பாடினார்.

"விசாக் காட்டும் கிடைச்சு, வேலையும் கிடைச்சு, காணியும் கிடைச்சிட்டுது" என்றார் கோசலை. "ஆர் அவருக்கு லோயர்?"

பூபாலசிங்கம் கேட்டது வேறு. "அப்பாவின்ரை காணி திரும்பக் கிடைச்சதோ?"

"அதைப் பற்றிக் கவிஞர் ஒன்றும் சொல்லவில்லை" என்றார் மதாம்.

"சொல்லமாட்டார். ஓடினதைச் சிரிச்சுச் சொல்லலாம். அது சிரிக்க வராது."

அன்றிரவு உணவகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், புறநகரான வில்லியே லே பெல் வரை, அந்தக் கவிஞரோடு மனதுக்குள் சண்டை பிடித்ததாகப் பின்னர் சொன்னார். எத்தனை ஆயிரம் மைல் கடந்து, தம்மைப்போல ஓடிய ஒருவரைச் சந்தித்தால், அவரோடு ஒத்துப்போகவேண்டும் என்று கட்டாயமில்லையே.

அடுத்த வகுப்பில் மதாம் ஒரு பயிற்சி வைத்தார். கவிஞர் களத்தில் செய்ததை ஒவ்வொருவரும் முதலில் தங்கள் மொழியில் சொல்லவேண்டும், பிறகு இன்னொருவர் அதைப் பிரெஞ்சில். பூபாலசிங்கத்தின் முறை வந்தது. "கேடயத்தைப் போட்டிட்டு ஓடினவர்" என்றார்.

பிரெஞ்சுக்கு மாற்ற இம்மாகுலேற் எழுந்தார். புதுச்சேரிக்காரி. பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பிரெஞ்சு எழுதப் பழக அகதிகளின் வகுப்புக்கு வந்தவர். பேசுவது சரளம். அவர் மாற்றிச் சொன்னதும் மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கேடயத்தை எப்படிக் கொல்வது?"

வகுப்பு சிரித்தது. இம்மாகுலேற் சிவந்துபோனார். "போட்டுட்டாருன்னா கொன்னுட்டாருன்னு தானே அண்ணே? சினிமால எல்லாம் அப்படித்தான சொல்வாங்க!"

"எங்களிலையும் ஆளைப் போட்டால் அதுதான்" என்றார் கோசலை. "சாமானைப் போட்டால், விட்டிட்டு வாறது. கேடயத்துக்கு உயிரிருக்கோ பிள்ளை?"

பூபாலசிங்கம் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "தங்கச்சி, 'சின்னவனைப் போட்டிட்டு ஓடி வந்தனான்' எண்டு நான் சொன்னால் நீங்கள் என்னெண்டு விளங்குவீங்கள்?"

"ஐயோ, தம்பிய கொன்னுட்டு ஓடி வந்துட்டீங்களா?"

"எனக்குத் தம்பியே இல்லை" என்றார் பூபாலசிங்கம். "சின்னவன் என்ரை லாண்ட்மாஸ்ரர்."

மதாமுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. கோசலைதான் விளக்கினார். இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டி பூட்டி ஆட்களையும் ஏற்றலாம். பூபாலசிங்கம் இளவயதில் இன்னொருவருடைய பெரிய உழவு இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டியவர், அது பெரியவன். பிறகு சொந்தமாக வாங்கியது சின்னவன். முதல் விசாரணையிலும் பூபாலசிங்கம் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார். அங்கே இடையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் திரைப்படத் தமிழில் வளர்ந்தவர். அவர்மேலும் பெரிய பிழையில்லை. இயந்திரத்துக்கு 'அன்' விகுதியில் பெயர் வைத்தால் அது ஆளாகிறது. ஆளைப் போட்டால் கொலையாகிறது. இலக்கணம் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

மேன்முறையீட்டு விசாரணைக்கு மதாமும் கோசலையும் போய்ப் பின்வரிசையில் இருந்தார்கள். இம்முறை மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். சட்டத்தரணி அந்தச் சொல்லை விளக்கினார். நீதிபதி பூபாலசிங்கத்தையே கேட்டார்.

"ஓர் இயந்திரத்துக்கு ஏன் ஆளின் பெயர்?"

"உங்கடை ஊரிலை புயலுக்கே பெயர் வைக்கிறீங்கள், ஐயா."

இதோடு நிறுத்தும்படி சட்டத்தரணி கையால் சைகை காட்டினார். பூபாலசிங்கம் நிறுத்தவில்லை. "உரோமையிலை ஒரு பாட்டுக்காரர் கேடயத்தைப் போட்டிட்டு ஓடினவர். அவரைத் தேவன் வந்து தூக்கிக்கொண்டு போனதாம். என்னைப் பாதி வழிவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது சின்னவன். நான் போட்டிட்டு வந்ததும் அவனைத்தான். எனக்குச் சிரிப்பு வரேல்லை."

நீதிபதி பள்ளியில் இலத்தீன் படித்தவரா என்பது தெரியாது. சின்னவனை விட்டுப்போகும் முன் என்ன செய்தீர்கள், என்று மட்டும் கேட்டார். பூபாலசிங்கம் பதில் சொன்னார். மொழிபெயர்த்த பெண் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

பாதுகாப்பு வழங்கும் தீர்ப்பு தபாலில் வந்தது. உணவகத்தில் அவர் செய்த உதவி அன்றிலிருந்து வேலை ஆனது. கோசலை கடையில் சொன்னார், "இனி ஒரு பெரிய மனிசன் தோட்டம் தந்தால் சரி." இன்றுவரை ஒருவரும் தரவில்லை. பூபாலசிங்கம் வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து போகிறார். கவிஞரோடு தகராறு தீரவில்லை.

அன்று நீதிபதிக்கு அவர் சொன்னது இது. 2009 மார்ச்சில், டீசல் தீர்ந்த லாண்ட்மாஸ்ரரை வீதியோரமாகத் தள்ளி நிறுத்தினார். பெட்டியில் இருந்த அயல்வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், இருக்கையில் கிடந்த சாக்கை எடுத்து இயந்திரத்தின் மேல் போட்டு மூடினார். பிறகு பிள்ளைகளோடு நடந்தார்.